ஸ்டர்கேட் இணைக்கும், இடம் கொடுக்காது

கேள்வி: கல்லூரி லேபில் டர்போ சி என்ற பழைய சி மொழிக் கம்பைலரில் இரண்டு ஊர்ப் பெயர்களை ஸ்டர்கேட் (strcat, ஒரு ஸ்ட்ரிங்கின் முடிவில் இன்னொன்றை ஒட்டும் ஃபங்ஷன்) போட்டு இணைத்தேன், ஓடியது. அதே ப்ரோகிராம் வீட்டு லினக்ஸ் லேப்டாப்பில், ஜிசிசி (gcc) கம்பைலரில் கம்பைல் ஆகிறது. ஓடவிட்டால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நின்றுவிடுகிறது. பெயர்களைக் கேரக்டர் பாயின்டரில் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: அந்தப் பாயின்டரில்தான். பாயின்டர் ஒரு நினைவக முகவரியை மட்டும் வைத்திருக்கும், எழுத்துகளுக்கு இடம் தராது. மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதும் ஸ்ட்ரிங்கை ஜிசிசி மாற்றக் கூடாத நினைவகப் பகுதியில் வைக்கிறது. ஸ்டர்கேட் அங்கே போய் எழுதப் பார்த்ததும் லினக்ஸ் ப்ரோகிராமை நிறுத்திவிடுகிறது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் டர்போ சி-க்கு அந்தக் காவல் கிடையாது. லேபிலும் தப்புதான் நடந்தது. பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதியது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சரி, பாயின்டரை அரேயாக, அதாவது எழுத்துகளுக்கே இடம் ஒதுக்கும் வரிசையாக, மாற்றினால் போதுமா? போதாது. மதுரையை ஆங்கிலத்தில் எழுதினால் 7 எழுத்து. அளவு சொல்லாமல் அரே அறிவித்தால், முடிவைக் காட்டும் நல் கேரக்டரோடு 8 பைட்தான் கிடைக்கும். ஸ்டர்கேட் அந்த நல் இருக்கும் இடத்திலிருந்து அடுத்த ஊரை எழுதிக்கொண்டே போகும்; இடம் இருக்கிறதா என்று பார்க்கவே பார்க்காது. நடுவில் ஒரு கோடும் அதன் இருபுறம் இடைவெளியும் வைத்துத் தேனியைச் சேர்த்தால் 7, 3, 5, நல்லுக்கு 1, ஆக 16 பைட் வேண்டும்.

அதையே தமிழில் எழுதிப் பாருங்கள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ‘மதுரை’ 15 பைட், ‘தேனி’ 12. உகரக் குறி, ஐகாரக் குறி எல்லாமே தனித்தனியாக மூன்று பைட் பிடிக்கும். கோடும் இடைவெளிகளும் 3, நல் 1 சேர்த்து மொத்தம் 31. கண்ணால் எழுத்தை எண்ணி அரே அறிவித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் எப்போதும் எஸ்என்பிரிண்ட்எஃப்-ஐத்தான் (snprintf, அளவு சொல்லி ஸ்ட்ரிங்கை அரேயில் எழுதும் ஃபங்ஷன்) சொல்வேன். 64 பைட்டில் தனியாக ஓர் அரே வைத்து, அதன் பெயர், அதன் அளவு, எப்படி எழுத வேண்டும் என்ற வடிவம் (format), இரண்டு ஊர்கள் என்று வரிசையாகக் கொடுங்கள். அளவைத் தாண்டி அது எழுதாது. திருப்பித் தரும் எண்ணையும் பாருங்கள்: அரேயின் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் ஸ்ட்ரிங் வெட்டுப்பட்டிருக்கிறது. தமிழில் கடைசி எழுத்தே பாதியில் அறுந்துபோகலாம். அப்புறம், அரேயை வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால் அளவையும் கூடவே அனுப்புங்கள். அங்கே அளவைக் கேட்கும் சைஸ்ஆஃப் (sizeof) போட்டால் பாயின்டரின் அளவுதான் வரும், உங்கள் லேப்டாப் 64 பிட் என்றால் 8.

ஸ்டர்கேட்டுக்கு எண் வரம்பு வைத்த ஸ்டர்என்கேட் (strncat) பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். அதில் கொடுக்கும் எண் அரேயின் மொத்த அளவு அல்ல, இன்னும் எத்தனை பைட் சேர்க்கலாம் என்பது; நல்லுக்கான 1 அதற்கும் மேலே.