கிறிஸ்துமஸ் ரோஸ்ட்டுக்கு முழுத்தொடை: எந்தக் கடையில் வாங்குவது?

உரித்த ஆட்டை முழுசாகத் தொங்கவிட்டு, கண்ணெதிரே தொடையை எடுத்துத் தரும் கறிக்கடையாகப் பாருங்கள். துண்டுபோட்டுக் குவித்து வைத்திருக்கும் இடத்தில் ஆட்டின் வயதே தெரியாது.

போன வருடம் வாங்கிய கறி நார்நாராக இருந்து, வாடையும் அடித்ததா? பெரும்பாலும் அது காயடிக்காத முற்றின கிடாவாக இருந்திருக்கும். 8–10 கிலோ கறி தேறும் இளங்குட்டியாகக் கேளுங்கள். விலா எலும்பு மெல்லிசாக, கறி வெளிர்சிவப்பாக இருக்கும். கருஞ்சிவப்பென்றால் விட்டுவிடுங்கள்.

டிசம்பர் தொடக்கத்தில், ஞாயிறு கூட்டம் இல்லாத நாளில் அரைக்கிலோ தொடைக்கறி வாங்கி, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அப்போதே கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

ஆனால் எவ்வளவு நல்ல கடையானாலும், காலையில் அறுத்த கறி உடனே அடுப்பேறினால் விறைப்பாகத்தான் இருக்கும். 24ஆம் தேதியே வாங்கி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள்.