இரண்டு சகோதரர்கள், இரண்டு கீபோர்டுகள்: பாங்கோ ஆல்பங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இத்தாலிய சிம்பொனிக் புராக்ரசிவ் ராக் (செவ்வியல் இசைபோல நீண்ட, பல பகுதிகள் கொண்ட ராக் இசை) பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ரோம் நகரத்துக் குழுவான 'பாங்கோ தெல் மூட்டுவோ சொக்கோர்சோ'வைச் சுற்றியே இருக்கின்றன. அண்ணன் தம்பியான விட்டோரியோ நொச்சென்சியும் ஜியானி நொச்சென்சியும் இரண்டு கீபோர்டுகளில் எழுப்பிய இசை அது. ஃபிரான்செஸ்கோ தி ஜாக்கோமோவின் பெருங்குரல் அதன் மேல் ஏறி நிற்கும். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

பாங்கோவை இதுவரை கேட்டதில்லை. எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்? எல்லாரும் 'டார்வின்!' என்கிறார்களே?

'டார்வின்!' அவர்களின் உச்சம் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் முதலில் கேட்க அது ஏற்றதல்ல. ஏறத்தாழ 47 நிமிட ஆல்பம். முதல் பாட்டான 'லெவொலுட்சியோனே' மட்டுமே 14 நிமிடம் ஓடும். பழகாத காது பாதியில் களைத்துவிடும்.

1972இல் வந்த முதல் ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு 'ரெக்வியஸ்கான்ட் இன் பாச்சே'. உறையில் இதன் பெயரை மூன்று எழுத்துச் சுருக்கமாகவும் போட்டிருப்பார்கள். 6 நிமிடம் 40 விநாடி. முதல் பாதி குதிரைப் பாய்ச்சல், பின்பாதியில் வேகம் அடங்கி பியானோவும் குரலும். இந்தக் குழுவின் இரண்டு முகங்களும் இந்த ஒரு பாட்டிலேயே தெரிந்துவிடும். இது பிடித்தால் அந்த ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். அடுத்து 1973இன் 'இயோ சோனோ நாட்டோ லிபெரோ'. அதில் 'நோன் மி ரோம்பெத்தே' என்று 5 நிமிடப் பாட்டு இருக்கிறது. பாங்கோவின் பாட்டுகளில் சட்டென்று மனதில் ஒட்டுவது அதுதான். இரண்டும் பழகிய பிறகு 'டார்வின்!' பக்கம் போனால் அந்த 14 நிமிடம் நீளமாகவே தெரியாது.

இரண்டு பேர் கீபோர்டு வாசிக்கிறார்கள் என்கிறீர்கள். யார் எது வாசிக்கிறார் என்று காதால் எப்படிப் பிரிப்பது?

விட்டோரியோ ஹேமண்ட் ஆர்கனும் சிந்தசைசரும், ஜியானி பியானோ. பொதுவான பங்கீடு இதுதான். பிரித்தறிய, சுரம் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். பியானோவில் சுத்தியல் கம்பியை அடித்த கணத்தில்தான் ஒலி உச்சம். அதன்பின் தேய்ந்துகொண்டே போகும். ஆர்கனில் கட்டையை அழுத்திய வரை ஒலி அளவு மாறாமல் நிற்கும், விரலை எடுத்ததும் வெட்டியதுபோல நிற்கும். அந்தக் கால மூக் சிந்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் ஒலிக்கும். ஆகவே சேர்ந்திசைச் சுரக்கூட்டம் கேட்டால் அது மூக் அல்ல. மூக் பெரும்பாலும் தனி ஒற்றையடிப் பாதையாகத்தான் மேலே போகும்.

பயிற்சிக்கு 'டார்வின்!' ஆல்பத்திலிருந்தே இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். 'லா கொன்குவிஸ்தா தெல்லா பொசிட்சியோனே எரெத்தா' ஏறத்தாழ ஒன்பது நிமிடம். பெரும்பகுதி கருவியிசைதான், குரல் மிகத் தாமதமாகத்தான் நுழையும். மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்க முயல்வதே பாட்டின் பொருள். ஆர்கனும் சிந்தசைசரும் அந்தத் தள்ளாட்டத்தையும் எழுச்சியையும் தூக்கிச் செல்கின்றன. அடுத்து '750,000 ஆண்டுகளுக்கு முன்... காதலா?' என்று பொருள்படும் பாட்டு. அங்கே ஜியானியின் பியானோதான் எல்லாம். குரல் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் பியானோவின் வலக்கை மேலே வருகிறது. பாடும்போது கீழே இறங்கி வழிவிடுகிறது. இந்த விட்டுக்கொடுத்தல்தான் பாங்கோவின் பலம். இரண்டு கீபோர்டு வைத்த பல குழுக்களில் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் வாசித்து ஒருவரை ஒருவர் மறைத்துவிடுவார்கள். இங்கே அப்படி நேர்வது அபூர்வம்.

முதல் ஆல்பத்தின் 'இல் ஜியார்தீனோ தெல் மாகோ' 18 நிமிடம், நான்கு பகுதி. பிரித்தறியும் பழக்கம் வந்த பிறகு அதைக் கேட்டால் ஒவ்வொரு பகுதியிலும் பொறுப்பு யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறது என்று தெளிவாகப் பிடிபடும்.

இத்தாலி மொழி தெரியாது. வரி புரியாமல் கேட்பது வீண்தானே?

வீணில்லை. ஆனால் பாட்டின் கரு தெரிந்தால் இசை இன்னும் திறக்கும். முதல் ஆல்பத்தைத் தொடங்கும் 'இன் வோலோ'வில் இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் 'ஓர்லாந்தோ' காவியத்தில் வரும் அஸ்தோல்ஃபோவும் அவன் ஏறிப் பறக்கும் சிறகுக் குதிரையும் இருக்கிறார்கள். 'ரெக்வியஸ்கான்ட்' போர் முடிந்த களத்தின் பிணங்களைப் பார்த்துப் பாடுவது. பின்பாதியில் பியானோ ஏன் அத்தனை துக்கமாகிறது என்பது அப்போது விளங்கும். 'டார்வின்!' உயிரின் தோற்றத்திலிருந்து நிமிர்ந்த மனிதன், ஊர்வன, கூட்டமாக வாழ்தல், காதல் என்று போய்க் கடைசியில் காலத்திடமே காலம் கேட்டு நிற்கிறது. '750,000 ஆண்டு' பாட்டில், மொழியே வாய்க்காத ஆதிமனிதன் ஒரு பெண்ணை ஏங்கிப் பார்க்கிறான். அதைத் தெரிந்துகொண்டு தி ஜாக்கோமோவின் குரலைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் பாடிய ஆல்பம் உண்டாமே?

உண்டு. 1975இல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் மாண்டிகோர் நிறுவனம் 'பாங்கோ' என்ற பெயரில் வெளியிட்டது. பழைய பாட்டுகளின் ஆங்கில வடிவங்கள்தான் அதிகம். வாசிப்பு அருமை, ஆனால் இத்தாலிய உயிரெழுத்துகளை நீட்டிப் பாடவே அமைந்த மெட்டில் ஆங்கிலச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. புதிதாக வந்த 'லால்பெரோ தெல் பானே'வை இத்தாலியிலேயே பாடியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்காக இந்த ஆல்பத்தைத் தேடலாம். மற்றவற்றுக்கு மூலமே போதும்.

'டார்வின்!' இரண்டு இடத்தில் கேட்டேன். ஒன்றுக்கொன்று ஒலி வேறாக இருக்கிறது. ரீமாஸ்டர் (பழைய பதிவையே ஒலி திருத்தி வெளியிடுவது) வித்தியாசமா?

இல்லை, பெரும்பாலும் அது வேறு பதிவாகவே இருக்கும். 1991இல், 'டார்வின்!' உட்பட 1972இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களையும் குழுவினர் மீண்டும் புதிதாக வாசித்துப் பதிந்தார்கள். 'தா குவி மெஸ்ஸேரே சி தோமினா லா வாலே' என்ற தலைப்பில் வந்தது. பாட்டுப் பெயர்கள் ஒன்றே என்பதால் இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

அடையாளம் காண டிரம்ஸைக் கேளுங்கள். 1972 பதிவில் டிரம்ஸ் காய்ந்த, அறைக்குள் அடித்த ஒலி. 1991இல் எதிரொலி சேர்ந்து பெரிதாக இருக்கும். கீபோர்டுகளும் டிஜிட்டல் பளபளப்போடு வரும். பழைய ஆர்கனின் கரகரப்பு குறைந்திருக்கும். வாங்கும் முன் பதிவு செய்த ஆண்டைப் பாருங்கள். வெளியிட்ட ஆண்டை நம்பினால் ஏமாறுவீர்கள், மறுபதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. முதல்முறை கேட்பவர் 1972ஐத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் கணினியோடு இணைக்கும் மிடி கீபோர்டும் ஹேமண்ட் மென்பொருளும் இருக்கின்றன. விட்டோரியோ ஒலி வரவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

வழக்கமாகத் தப்பு நடப்பது ஐந்து இடங்களில்.

முதலாவது வெலாசிட்டி, அதாவது கட்டையை அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலி அளவு மாறுவது. ஹேமண்டில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி ஒன்றே. மென்பொருளில் வெலாசிட்டியை முழுதாக அணைத்துவிடுங்கள். ஏற்ற இறக்கம் எல்லாம் வலது காலில் இருக்கும் எக்ஸ்பிரஷன் பெடலிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பெடல் இல்லாமல் எத்தனை முயன்றாலும் இசை தட்டையாகவே இருக்கும்.

இரண்டாவது, பியானோப் பழக்கத்தில் சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதிப்பது. ஆர்கனில் அது கிடையாது. ஒரு சுரக்கூட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, பொதுவான சுரத்தை விரலால் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களை மட்டும் நகர்த்துங்கள்.

மூன்றாவது டிராபார், அதாவது ஒலியின் நிறத்தை மாற்ற இழுக்கும் நெம்புகோல். மொத்தம் ஒன்பது, ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை. வேகமான பகுதிகளுக்கு முதல் மூன்றையும் 8 வரை இழுத்து மீதி ஆறையும் மூடி வையுங்கள். சுரத்தின் தொடக்கத்தில் 'டக்' என்ற தட்டொலி சேர்க்கும் பெர்கஷனை மூன்றாம் ஹார்மோனிக்கில், வேகமாகத் தேயும்படி போடுங்கள். இங்கே ஒரு நுட்பம் பலருக்குத் தவறுகிறது. எல்லாக் கட்டைகளையும் விட்ட பிறகுதான் பெர்கஷனின் 'டக்' மறுபடி ஒலிக்கும். ஒரு விரல் மிச்சமிருந்தாலும் வராது. ஆகவே 'டக்' வேண்டிய இடத்தில் சுரங்களைப் பிரித்து வாசிக்க வேண்டும். பெர்கஷன் போட்டிருக்கும்போது ஒன்பதாவது டிராபார் பேசாது என்பதும் நினைவிருக்கட்டும். அசல் கருவியின் அமைப்பே அப்படித்தான், மென்பொருளில் கோளாறு என்று தேட வேண்டாம்.

நான்காவது, சுழலும் பாகங்களால் ஒலியை அலையவைக்கும் லெஸ்லி ஸ்பீக்கர். எந்நேரமும் வேகச் சுழற்சியில் வைப்பதுதான் பரவலான பிழை. மெதுவான சுழற்சி நிமிடத்துக்கு 40 முதல் 50 சுற்று, வேகமானது ஏறத்தாழ 400. அழகு இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவே. மேல் ஹாரன் ஒரு விநாடியில் வேகம் பிடித்துவிடும். கீழே இருக்கும் கனமான உருளைக்கு நான்கைந்து விநாடி ஆகும். நீண்ட சுரத்தைப் பிடித்து, அது முடிவதற்கு இரண்டு விநாடி முன் வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக எதிரொலி. 1972 பதிவுகளில் ஆர்கன் காதருகே நிற்கும். மென்பொருளோடு வரும் பெரிய ஹால் எதிரொலியைக் குறைத்தாலே பாதி வேலை முடியும்.

அசல் ஹேமண்டையே வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் சுருதிச் சக்கரங்களை ஓட்டும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் அளவைப் பொறுத்தது. அமெரிக்காவுக்காகச் செய்த 60 ஹெர்ட்ஸ் கருவியை நம்மூர் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று மேலேயே இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதற்குத் தனி மாற்றி வேண்டும். இத்தாலியிலும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் ஐரோப்பிய மாடலைத் தேடுவதே நல்லது.

மெல்லோட்ரான் (ஒலிநாடாக்களால் இசைக்கும் கீபோர்டு) நிறைந்த இத்தாலிய ஆல்பம் வேண்டும். பாங்கோவில் எது?

அதற்குப் பாங்கோவிடம் போக வேண்டாம். மூசியோ ரோசன்பாக்கின் 'ஸாரதூஸ்த்ரா' (1973) கேளுங்கள். இன்னும் இருட்டாக வேண்டுமென்றால் நேபிள்ஸ் நகரத்து இல் பல்லெத்தோ தி புரோன்சோவின் 'ஈஸ்' (1972). ஜியானி லியோனே ஒருவரே ஹேமண்ட், மூக், மெல்லோட்ரான், பியானோ எல்லாம் வாசித்துப் பாடவும் செய்கிறார்.

மென்பொருளில் வாசிப்பவர்களுக்கு: மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஒலிநாடாத் துண்டு, ஏறத்தாழ 8 விநாடி நீளம். முடிந்ததும் ஒலி நின்றுவிடும், கட்டையை விட்டால்தான் நாடா பின்னுக்கு இழுபடும். ஒலியை முடிவின்றித் திருப்பி ஓட்டும் 'லூப்' வசதியை அணைத்துவிட்டு, 8 விநாடிக்குள் சுரம் மாறும்படி வாசியுங்கள்.

முதல் ஆல்பத்தின் அசல் இசைத்தட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் உறை. அசல் பதிப்பின் உறை மண் உண்டியல் வடிவத்திலேயே வெட்டப்பட்டது. காசு போடும் துளை வழியே குழுவினரின் படங்கள் அச்சிட்ட ஒரு காகிதப் பட்டை வெளியே வரும். பட்டை தொலைந்த, வளைவு ஓரங்கள் கிழிந்த பிரதிகள் அதிகம். பட்டையை வெளியே இழுத்த படம் ஒன்றை விற்பவரிடம் கேளுங்கள். சதுர உறையில் உண்டியல் படம் மட்டும் இருந்தால் அது மறுபதிப்பு.

அடுத்து, கடைசிப் பாட்டுகளைப் போட்டுக் கேளுங்கள். இரண்டு பக்கமும் 20 நிமிடத்தைத் தாண்டுகின்றன. பள்ளம் நடுவட்டத்தை நெருங்க நெருங்க ஊசி விநாடிக்குக் கடக்கும் நீளம் குறையும்; தேய்ந்த தட்டு கரகரப்பது அங்கேதான். முதல் பக்கம் 'மெட்டமோர்ஃபோசி'யில் முடிகிறது. அதன் இறுதியில் குரல் பிசிறாமல் இருந்தால் தட்டு நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்பலாம்.

பாங்கோவின் 1976க்குப் பின் வந்த ஆல்பங்கள் எப்படி?

'கோமே இன் உனுல்திமா சேனா' (1976) வரை கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1978இன் 'தி தெர்ரா' ஆர்கெஸ்ட்ராவோடு செய்த கருவியிசை ஆல்பம். கவனிக்கப்படாமல் போனது அநியாயம். 1980களின் பாப் முயற்சிகளை விட்டுவிடலாம். தி ஜாக்கோமோ 2014இலும் கிதார் கலைஞர் ரொடோல்ஃபோ மால்தேசே 2015இலும் மறைந்த பிறகு, டோனி தலெஸ்ஸியோவின் குரலோடு விட்டோரியோ 'டிரான்ஸிபெரியானா' (2019), 'ஓர்லாந்தோ: லே ஃபோர்மே தெல்லமோரே' (2022) இரண்டையும் கொண்டுவந்தார். முதல் ஆல்பத்தின் அரியோஸ்தோவை ஐம்பது ஆண்டு கழித்து முழு ஆல்பமாக எடுத்திருக்கிறார். 'இன் வோலோ'வைக் கேட்டுவிட்டு இதைப் போடுங்கள்.

இன்னொரு இத்தாலியக் குழுவான லே ஓர்மேயின் 'ஃபெலோனா எ சொரோனா' துண்டுதுண்டாக இருக்கிறதே. ஏன் புகழ்கிறார்கள்?

பாட்டுகளைக் கலைத்துப் போடும் 'ஷஃபிள்' வைத்துக் கேட்டிருப்பீர்கள். 1973இல் வந்த அந்த ஆல்பம் ஒரே கதை: ஒளியில் வாழும் ஒரு கோளும் இருளில் வாடும் இன்னொரு கோளும். ஒன்பது பகுதி, 33 நிமிடம் சொச்சம். சில பகுதிகள் இரண்டு நிமிடம்கூட இல்லை. தனியே கேட்டால் முடியாத வாக்கியம்போல நிற்கும். செயலியில் 'ஷஃபிள்', ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்' இரண்டையும் அணைத்து, இடைவெளியில்லாத ஒலிப்பை இயக்கி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். டோனி பல்யூக்காவின் கீபோர்டு முதல் பகுதியில் எட்டரை நிமிடத்துக்கு மேல் கட்டி எழுப்புவதுதான் கடைசிப் பகுதியான 'ரித்தோர்னோ அல் நுல்லா'வில் இடிந்து விழுகிறது. பீட்டர் ஹாமில் வரிகள் எழுதிய ஆங்கிலப் பதிப்பும் உண்டு. இத்தாலியப் பதிப்பைக் கேட்ட பிறகு அதை எடுங்கள்.