டிஜிட்டல் ரேடாரில் கேயாஸ் சமிக்ஞை எதற்கு? சாதாரண இரைச்சலே போதாதா?

இரைச்சலும் போதும், ஆனால் அனுப்பிய இரைச்சலின் நகலை எதிரொலியோடு ஒப்பிட முழுமையாகச் சேமித்தாக வேண்டும். கேயாஸ் சமிக்ஞையோ இரைச்சல் போலத் தோன்றினாலும் ஒரு சிறு சமன்பாட்டிலிருந்து பிறப்பது என்பதால், தொடக்க மதிப்பு தெரிந்தால் அதை அப்படியே மீண்டும் உருவாக்கிவிடலாம்.

ஒரு எண்ணை, 1-லிருந்து அதைக் கழித்துக் கிடைப்பதோடும் 4-உடனும் பெருக்கிக்கொண்டே போங்கள்: 0.3 என்பது 0.84, 0.5376, 0.9943 என மாறிக்கொண்டே போகும். 0.300001-இல் தொடங்கினால் ஏறத்தாழ 20 சுற்றுகளில் இரு வரிசைகளுக்கும் தொடர்பே இராது. ஆகவே தொடக்க மதிப்பைச் சற்றே மாற்றினால் ஒவ்வொரு துடிப்புக்கும் வேறு அலைவடிவம் கிடைக்கிறது. எதிரி அதைக் கணித்துப் போலி எதிரொலி அனுப்புவது கடினமாகிறது. அதிர்வெண் சீராக மாறிக்கொண்டே போகும் சிர்ப் (chirp) துடிப்பில் இலக்கின் வேகம் தூரக் கணக்கைச் சற்றே பிசகச் செய்யும். இதில் அந்தக் குழப்பமும் இல்லை.

குறையும் உண்டு. 1000 மாதிரிகள் கொண்ட துடிப்பில் பக்க மடல்கள் (எதிரொலியை ஒப்பிடும்போது உண்மையான உச்சத்தின் இருபுறமும் எழும் சிறு போலி உச்சங்கள்) அந்த உச்சத்தைவிடச் சராசரியாக 30 டெசிபல் மட்டுமே தாழ்ந்திருப்பதால், பெரிய இலக்கின் அருகிலுள்ள சிறியது மறைந்துபோகக்கூடும்.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு: வரம்புள்ள பிட்களில் எந்த கேயாஸும் இறுதியில் சுழற்சியாகிவிடும். மதிப்பை இரட்டித்துப் பின்னப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும் எளிய விதியை கணினியின் இரட்டைத் துல்லியத்தில் (53 பிட் துல்லியமுள்ள எண் வடிவில்) ஓட்டினால், ஏறத்தாழ 53 சுற்றுகளில் வெறும் பூஜ்யமே மிஞ்சும்.

இன்னொன்று, கேயாஸ் மதிப்பை அலையின் வீச்சில் (உயரத்தில்) ஏற்றாமல் கட்டத்தில் (phase, அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலை) ஏற்றுங்கள். அப்போது வீச்சு மாறாமல் இருப்பதால்தான், சமிக்ஞையை வலுப்படுத்தி அனுப்பும் திறன் பெருக்கியை முழுத் திறனில் இயக்க முடியும்.