மார்பக இம்பிளான்ட்: எந்த வெட்டு, எந்த இடம்?

தங்கச்சி, முதல் பிள்ளை பால் மறந்தபின் மார்பு சிறுத்துவிட்டது, இன்னொரு பிள்ளைக்கும் யோசனை என்கிறீர்கள். கொழும்பில் காம்பைச் சுற்றி வெட்டி, தசைக்கு மேலே, சொரசொரப்பான சிலிக்கன் இம்பிளான்ட் (மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பை) வைக்கச் சொன்னார்களாம்.

இரண்டாவது பிள்ளை பால் மறந்து ஆறு மாதம் போகட்டும். அதற்குள் மார்பின் வடிவம் மறுபடி மாறும். காம்பு வெட்டு உங்களுக்குச் சரிவராது. பால் குழாய்களும் நரம்பும் அறுபடலாம். குழாய்க் கிருமி இம்பிளான்டில் ஒட்டினால், சுற்றி வளரும் உறை இறுகி மார்பு கல்லாகலாம். மார்புக்குக் கீழ் மடிப்பில் நாலைந்து சென்டிமீட்டர் வெட்டச் சொல்லுங்கள். தழும்பும் அங்கேயே மறையும்.

சொரசொரப்பு வகை வேண்டவே வேண்டாம். அரிதான ஒரு லிம்போமா புற்றுநோயோடு தொடர்புபட்டதால் அலர்கன் கம்பனியே 2019இல் தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகெங்கும் மீளப்பெற்றது. வழவழப்பானதைக் கேளுங்கள்.

மேல்மார்பைக் கிள்ளினால் தடிப்பு 2 சென்டிமீட்டருக்குக் குறைவா? அப்படியென்றால் தசைக்குக் கீழே வைப்பதே நல்லது; மேலே வைத்தால் இம்பிளான்டின் சுருக்கம் வெளியே தெரியும். நோவு கூடுதல்தான், பாரம் தூக்கும்போது மார்பு அசையவும் செய்யும். இம்பிளான்டுக்குப் பதில் உங்கள் உடற்கொழுப்பையே எடுத்துப் போடும் கொழுப்பு ஊசி சிறிய மாற்றத்துக்கு மட்டும். போட்டதில் ஒரு பங்கு கரைந்துபோகும்.

வெட்டிய மறுநாளே ஊர் திரும்பக் கல்முனை பஸ் ஏறாதீர்கள். ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகினால் உள்ளே இரத்தம் கசிகிறது, உடனே திறக்க வேண்டும். சிலிக்கன் கிழிந்தாலும் வெளியே தெரியாது. ஐந்தாறு வருடத்தில் ஸ்கான், பிறகு 2-3 வருடத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.