பசிபிக் தீவு நாடான நவூருவில் கட்சியே இல்லாமல் ஆட்சி எப்படி நடக்கிறது?

மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. 8 தொகுதிகளில் இருந்து 19 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்குப் போகிறார்கள்; அவர்கள் தங்களுக்குள் ஒருவரை அதிபராக்குகிறார்கள். நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் அவரே. பதவிக்காலம் 3 ஆண்டு. வாக்குரிமை 20 வயதில், வாக்களிப்பது கட்டாயம்.

சுவாரசியமே வாக்கு எண்ணும் முறைதான். 1971 முதல் நடப்பது இது: வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளர்களுக்கும் வரிசை எண் போட வேண்டும், ஒருவரை விட்டாலும் சீட்டு செல்லாது. முதல் விருப்பத்துக்கு 1, இரண்டாவதுக்கு 1/2, மூன்றாவதுக்கு 1/3 என்று மதிப்பு குறைந்துகொண்டே போகும். 150 சீட்டில் ஒருவருக்கு 60 முதல் விருப்பம், 90 இரண்டாம் விருப்பம் என்றால் 60 + 45 = 105. இன்னொருவருக்கு 70 முதல், 20 இரண்டாம், 60 மூன்றாம் என்றால் 70 + 10 + 20 = 100. முதல் விருப்பத்தில் முந்தியவர் மொத்தத்தில் பின்தங்கிவிடுகிறார்! அதனால் அடுத்த வேட்பாளரின் ஆதரவாளர்களையும் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கோளாறு வருவது கட்சி இல்லாததால்தான். கொறடா கிடையாது, ஓரிருவர் அணி மாறினாலே அதிபர் போய்விடுவார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி 7 நாளுக்குள் புது அதிபர் தேர்வாகாவிட்டால் நாடாளுமன்றம் கலைந்துவிடும். 2010இல் இருந்தது 18 இடம். இரு அணிகளும் 9க்கு 9 என்று நின்றதால் நாடாளுமன்றம் மாதக்கணக்கில் முடங்கியது. சபாநாயகராக ஒருவரைக் கொடுத்தால் அந்த அணிக்கு ஒரு வாக்கு குறையும் என்பதால் ஆள் தர இரு அணியும் தயங்கின. 2013 தேர்தலில் மெனெங் தொகுதிக்கு ஓர் இடம் கூட்டி 19 ஆக்கினார்கள்.