பாயிண்ட் டிக்கெட்டுக்கும் ஏன் இவ்வளவு பணம் கேட்கிறது?
மதுரையிலிருந்து லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக வேண்டும், பாயிண்ட் போட்டும் கையிலிருந்து பெரிய தொகை கேட்கிறது, குறைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கட்டண விவரத்தை விரித்துப் பாருங்கள். அரசு வரி, விமான நிலையக் கட்டணத்தில் பேரம் கிடையாது. ‘ஒய்.க்யூ.’, ‘ஒய்.ஆர்.’ என்று வருவதுதான் விமான நிறுவனம் தானே போடுவது. பேருக்கு எரிபொருள் கட்டணம். என்னைக் கேட்டால் டிக்கெட் விலையிலேயே ஒரு துண்டு. அடிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரே விமானம்தான், ஆனால் எந்த நிறுவனத்தின் மைலை (விமான நிறுவனங்களின் பாயிண்டுக்கு அதுதான் பெயர்) கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். அமெரிக்காவின் யுனைடெட் நிறுவன மைலில், அது சேர்ந்திருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் விமானம் எடுத்தால் இது வராது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் மைலில் தன் விமானத்துக்கு 2017 முதல் இதை வாங்குவதில்லை. ஆனால் சிங்கப்பூர் போய்ப் போவது லண்டனுக்குச் சுற்று வழி, அதுவும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் ஏற வேண்டும்.

திரும்பும்போது லண்டனில் புறப்பாட்டு வரி உண்டு. பிசினஸ் வகுப்புக்கு அது கூடுதல். திரும்பி வரும் பயணத்துக்கு மட்டும் எகானமி எடுக்கலாம்.

கிரெடிட் கார்டு பாயிண்டை மைலாக மாற்றினால் பெரும்பாலும் அதைத் திரும்பப் பாயிண்டாக்க முடியாது. சீட் இருக்கிறதா, முன்பதிவின் கடைசிப் பக்கத்தில் என்ன தொகை காட்டுகிறது என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.