வாரண்டி முடிந்த கையோடு வரும் பெரிய செலவு: கேள்வி பதில்

கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் 14 ஆண்டு அட்வைசராக, அதாவது வண்டியை வாங்கிப் புகாரை எழுதுபவராக இருந்தேன். இப்போது கோவையில் சொந்த ஒர்க்‌ஷாப். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூர் வாசகர்: அண்ணா, வாரண்டி முடிந்து 19 நாள்தான் ஆகிறது. ஏஎம்டி கார் (கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றுவது), 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது கியர் விழுவதில்லை, மீட்டரில் 'என்' மின்னுகிறது. கிளட்சையும் கியரையும் இயக்கும் ஆக்சுவேட்டரை மாற்ற 52,000 ரூபாய் எஸ்டிமேட். மூன்று மாதம் முன்பே சொன்னேன், "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள்.

எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி. முதலில் அந்த மூன்று மாதம் முந்தைய ஜாப் கார்டை, அதாவது வண்டியை விடும்போது புகார்களை எழுதித் தரும் தாளைத் தேடி எடுங்கள். உங்கள் புகார் அதில் ஒரு வரியாக இருந்தாலும் போதும். வாரண்டிக்குள் சொன்ன பழுதை அவர்கள் சரி செய்யாமல் விட்டிருக்கிறார்கள், அதனால் இலவசமாகச் செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்கலாம். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், அட்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதா பாருங்கள்.

எதுவுமே இல்லையென்றால் குட்வில் கேட்க வேண்டும். அது உரிமை இல்லை, கம்பெனி மனது வைத்துச் செய்வது. அட்வைசரால் அதை முடிவு செய்ய முடியாது. சர்வீஸ் மேனேஜரைப் பாருங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேஸிஸ் எண், சர்வீஸ் தேதிகள், பில்கள் எல்லாம் வைத்து ஒரு மெயில் போடுங்கள். எல்லா சர்வீஸும் அங்கேயே செய்திருந்து, நாளும் கொஞ்சம்தான் தாண்டியிருந்தால், பாகத்தின் விலையைக் கம்பெனி ஏற்க, கூலியை நீங்கள் கொடுக்க என்று பல சமயம் முடியும். நானே எத்தனையோ பேருக்கு எழுதி வாங்கித் தந்திருக்கிறேன். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

அடுத்து, ஆக்சுவேட்டர்தான் போயிற்று என்பதற்கு என்ன ஆதாரம்? ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தாளில் கேளுங்கள். ஆக்சுவேட்டருக்கு ஆயில் அழுத்தம் ஏற்றும் பம்ப் மோட்டாரின் ரிலே (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) போனாலும், அந்த ஆயில் குறைந்தாலும், பேட்டரி தளர்ந்தாலும், கிளட்ச் தேய்ந்தாலும் இதே அறிகுறி வரும். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காலையில், சத்தம் இல்லாத நேரத்தில், டிரைவர் கதவை மட்டும் திறவுங்கள். பல ஏஎம்டி கார்களில் அப்போது 'ஙொய்ய்' என்று சில நொடி பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றும். சத்தமே வராவிட்டால் ரிலே, மோட்டார் பக்கம் பாருங்கள். ஓடி நின்று, மறுபடி மறுபடி ஓடினால் அழுத்தம் எங்கோ இறங்குகிறது.

நாகர்கோவில் வாசகர்: இனிமேல் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது, வாரண்டி உயிரோடு இருக்கும்போதே எடுக்க வேண்டும். எடுப்பவர்கள் 'இதற்கெல்லாம் பொருந்தாது' என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், ரப்பர் புஷ் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

சேலம் வாசகர்: பேட்டரி போய்விட்டது, கார் கம்பெனி கைவிரிக்கிறது.

பேட்டரிக்கும் டயருக்கும் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்தவர்தான் வாரண்டி தருவார். பேட்டரி கார்டோடு அவர்கள் டீலரிடம் போங்கள்.

சென்னை வாசகர்: மழைத் தண்ணீரில் நின்ற கார். ஸ்டார்ட் செய்தேன், இன்ஜின் இறுகிவிட்டது. வாரண்டி போன வாரம்தான் முடிந்தது.

வாரண்டி இருந்திருந்தாலும் இது அதில் வராது. இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோ பண்ணிக் கொண்டு போங்கள்.

ஈரோடு வாசகர்: ஏசி கம்ப்ரசர் சத்தம். வாரண்டிக்குள் சொன்னேன், எழுதிக்கொள்ளவில்லை.

முதல் பதிலைப் படியுங்கள். ஜாப் கார்டில் ஏறாத புகார், சொல்லாத புகார்தான்.

மதுரை வாசகர்: வாரண்டி முடிய ஒரு வாரம் இருக்கும்போது டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் பாகம்) புகாரை ஜாப் கார்டில் ஏற்றிவிட்டேன். இப்போது, "ஒருமுறை வெளியில் ஆயில் மாற்றியிருக்கிறீர்கள், அதனால் கிடையாது" என்கிறார்கள்.

ஜாப் கார்டில் ஏற்றினீர்களே, அதுதான் உங்கள் பலம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் ஸ்கேன் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக. வெளியில் வேலை பார்த்தாலே மொத்த வாரண்டியும் ரத்து என்று நிபந்தனை போடக்கூடாது, அந்த வேலையால் எது கெட்டதோ அதற்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் அந்த நியாயத்தை வைத்து, "அந்த ஆயிலால்தான் டர்போ போனது என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: சும்மா ஆசை காட்டாதீர்கள் சார். வெளி மெக்கானிக் ஊற்றிய ஆயிலால் என் டர்போவே போனது. அங்கீகரிக்கப்பட்ட இடம்தான் பாதுகாப்பு.

உங்களுக்கு நடந்ததை நான் மறுக்கவில்லை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதைத் தாங்குவது ஆயில் படலம்தான். தவறான கிரேடு ஊற்றினால் போகத்தான் செய்யும். அதனால் வெளியில் மாற்றினால் கிரேடு எழுதிய பில்லை வாங்கி வையுங்கள். ஆனால் பெரிய ஷோரூமிலும் பீப்பாயிலிருந்து எந்த ஆயில் இறங்குகிறது என்று நின்று பார்த்தவர் எத்தனை பேர்?

அதே வாசகர்: இதற்காகக் கோர்ட்டுக்கு யார் அலைவது?

அலைய வேண்டாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், சில புகார்கள் அங்கேயே முடியும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கரூர் வாசகர்: ஸ்டியரிங்கில் சத்தம், வாரண்டி முடிந்து ஒரு மாதம், வாயால்தான் சொன்னேன்...

ஜாப் கார்டு. மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

திருப்பூர் வாசகர்: அண்ணா, கதவைத் திறந்து பார்த்தேன். சத்தமே வரவில்லை.

அப்படியே இன்னொரு முறை திறந்து வீடியோ எடுங்கள். ஆக்சுவேட்டரைத் தொடும் முன் ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அதன் விலை சில நூறு ரூபாய்தான். இந்த முறை உங்கள் புகாரை ஜாப் கார்டில் எழுதிய பிறகே சாவியைக் கொடுங்கள்.